அம்புக்குறி எந்தப் பக்கம்? (விவாத இழை)

பிப்ரவரி 11, 2025: குடவாசலிலிருந்து ஒரு தாயின் கேள்வி

"என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 'நாம் எப்படிப் பார்க்கிறோம், படம் வரைக' என்று வீட்டுப்பாடம். சூரியனை வரைந்தாள், தென்னை மரத்தை வரைந்தாள், ஒரு பெண்ணையும் வரைந்தாள். பெண்ணின் கண்ணிலிருந்து மரத்தை நோக்கி அம்புக்குறி போட்டாள். தவறு, திருப்பிப் போடு என்றேன். 'நான்தானே அம்மா மரத்தைப் பார்க்கிறேன், மரமா என்னைப் பார்க்கிறது?' என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

பிப்ரவரி 11, இரவு

அம்புக்குறியை அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்துத் திருப்பிப் போடுவாள், மதிப்பெண் கிடைத்துவிடும், மனத்தில் பழைய அம்பு அப்படியே நிற்கும்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த அம்பு வருகிறது. தொடக்க காலத்தில் நானே கரும்பலகையில் கண்ணிலிருந்து பொருளுக்குப் புள்ளிக்கோடு இழுத்து, பார்வைக் கோடு என்று பெயரும் எழுதியிருக்கிறேன். பிறகு 'ஒளி பொருளில் பட்டு நம் கண்ணை அடைகிறது' என்று எழுதிப்போட்டேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், தேர்விலும் சரியாக எழுதினார்கள். ஒரு நாள் வெறுமனே கேட்டேன்: விளக்கை அணைத்தால் ஏன் எதுவும் தெரிவதில்லை? "இருட்டு வந்து மறைத்துவிடுகிறது டீச்சர்."

அந்தப் பதிலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பிள்ளைகளுக்கு இருட்டு என்பது ஒரு திரை. விளக்கு அந்தத் திரையை விலக்குகிறது. விலகிய பிறகு பார்க்கும் வேலையைக் கண் செய்கிறது. வெளிச்சம் எங்கிருந்தும் எங்கும் போவதில்லை, காற்றைப் போலச் சும்மா நிறைந்திருக்கிறது. இப்படி ஒரு முழுக் கணக்கு மனத்தில் இருக்கும்போது அம்பை மட்டும் திருப்பி என்ன பயன்?

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்து யூக்ளிட் அவள் வரைந்த மாதிரியேதான் கோடு இழுத்தார். நம் நாட்டில் நியாய தரிசனம் என்ற பழைய தத்துவ மரபைச் சேர்ந்தவர்களும் கண் நெருப்பின் கூறு, அதன் கதிர் வெளியே சென்று பொருளைத் தொடுகிறது என்றார்கள். பெரிய அறிவாளிகள் நூற்றாண்டுகளாக நம்பிய ஒன்றை ஒரு பெண் குழந்தை தானாக யோசித்து அடைந்திருக்கிறாள். அதைக் குட்டி அனுப்பக் கூடாது.

நாளைக்கு ஒரு செருப்புப் பெட்டியை எடுங்கள். உள்ளே ஒரு தக்காளியை வையுங்கள். ஒரு பக்கத்தில் பட்டாணி அளவுக்குத் துளை. மூடியை மூடி, துளையில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமானது ஒன்று: பார்ப்பதற்கு முன்னால், தக்காளி தெரியுமா தெரியாதா, ஏன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 13

பெட்டி செய்து பார்த்ததாகத் தாய் எழுதியிருக்கிறார். மகளின் விடை: "தக்காளி தெரியவில்லை. ஓட்டை சின்னது, அதனால் பார்வை உள்ளே போக முடியவில்லை."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் கணக்குப்படி இது முற்றிலும் சரி. வழி சிறிது, பார்வை நுழையவில்லை. இதை வாயால் மறுக்கவே முடியாது, பெட்டிதான் மறுக்க வேண்டும். துளையைத் தொடாதீர்கள். மூடியில் மூன்று பக்கம் கத்தரித்து ஒரு சின்னக் கதவு செய்யுங்கள். கண் துளையிலேயே இருக்கட்டும், நீங்கள் கதவைத் திறந்து மூடுங்கள். பார்வை போகும் வழி மாறவே இல்லை. மாறியது வெளிச்சம் நுழையும் வழி மட்டும். தக்காளி வருகிறது, போகிறது, வருகிறது. அப்போது நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. அவள் சொல்லட்டும்.

என் முந்தைய குறிப்பில் ஒரு குறை. அட்டைப் பெட்டியின் மூலைகளில் வெளிச்சம் கசியும். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, மூலைகளுக்குக் கறுப்பு டேப் போடுங்கள். துளையைச் சுற்றிக் கறுப்புத் துணி வைத்தால் முகத்துக்கும் பெட்டிக்கும் இடையில் கசியாது.

பிப்ரவரி 16

மன்னார்குடி வாசகர் ஒருவர் நியாயமாகக் கேட்டிருக்கிறார்: "பெட்டிக்குள் அரை நிமிடம்தான் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் இருந்தால் கண் பழகித் தெரியத் தொடங்கிவிடுமே? இரவில் மின்சாரம் போனால் அப்படித்தானே?"

எங்கள் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம், அப்போதும் வீட்டுக்குள் நடமாடினோமே என்பார்கள். நடமாடினோம். ஆனால் அது முழு இருட்டு அல்ல. அமாவாசையன்றும் நட்சத்திர வெளிச்சம் இருக்கிறது, எங்கோ ஒரு சிம்னி விளக்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் யாருமே முழு இருட்டைப் பார்த்ததில்லை. அதனால்தான் 'கண் பழகும்' என்ற நம்பிக்கை அசைவதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்குப் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டில், நெல் மூட்டை அடுக்கும் அறையைக் கேட்டு வாங்கினேன். ஜன்னல் கிடையாது. ஓட்டின் சந்துகளுக்குத் தார்ப்பாய், கதவு இடுக்குக்குச் சாக்கு. ஒன்றரை மணி நேரம் அடைத்தும் ஊசிமுனை வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் அடைத்த பிறகு ஆறு பிள்ளைகளோடு நானும் உள்ளே உட்கார்ந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை, வெளியே ஓர் ஆசிரியர் நின்றார். நடுவில் முக்காலி மேல் ஒரு தக்காளி.

முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு. பிறகு ஒருவன் அறிவித்தான்: "எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது." எது? "என் கை. ஆட்டினால் தெரிகிறது." மற்றவர்களும் ஆட்டிப் பார்த்தார்கள், ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் என் கை அசைவது நிழல்போலத் தெரிவதாகவே பட்டது! சற்றுத் திகைத்துத்தான் போனேன். பிறகு என் கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டேன். மூன்று, ஐந்து, இரண்டு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் ஒரு விரலையும் நீட்டவில்லை, மூடிய முட்டிதான். அவரவர் கை எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும், அதனால் இல்லாத காட்சியை அதுவே போட்டுக் காட்டுகிறது. அடுத்தவர் கைக்கு அந்த வசதி இல்லை.

அரை மணி நேரம் இருந்தோம். கண் முழுதாகப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். தக்காளி தெரியவில்லை. பிறகு வெளியே நின்றவர் சாக்கின் ஓரத்தை மெல்ல விலக்கினார். முக்காலியின் மேல் ஓர் உருண்டை வந்தது. சாம்பல் நிறம். இன்னும் விலக்கினார். சட்டென்று ஒரு பெண், "சிவப்பு வந்துவிட்டது!" என்று கத்தினாள். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிறம் அறியும் செல்கள் விழிக்க இன்னும் கொஞ்சம் ஒளி வேண்டும். அதைப் பிறகு விளக்கினேன். அன்றைக்கு ஒருவரும் 'இருட்டு மறைத்தது' என்று சொல்லவில்லை, "வெளிச்சம் வரவில்லை" என்றார்கள். ஒரே ஒரு வினைச்சொல் மாறியது. அதற்காக அரை மணி நேரம் இருட்டில் உட்காரலாம்.

பிப்ரவரி 17

அவசரக் குறிப்பு. "எங்கள் வீட்டில் காலிப் பத்தாயம் இருக்கிறது, பிள்ளையை அதற்குள் இறக்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. பத்தாயம் என்பது நெல் கொட்டிவைக்கும் பெரிய பெட்டி. உள்ளே காற்று இல்லை, மூடி கனமானது, உள்ளிருந்து திறக்க முடியாது. குதிர், டிரங்குப் பெட்டி, பழைய குளிர்பதனப் பெட்டி எதுவும் வேண்டாம். பெரியவர் ஒருவர் உடன் உட்காரும் அறை மட்டுமே.

பிப்ரவரி 28

இன்று தேசிய அறிவியல் நாள். திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி.ராமன், 1928-இல் இதே தேதியில் கண்டறிந்த விளைவுக்கு 1930-இல் நோபல் பரிசு பெற்றார். காவிரிக் கரையில் பிறந்தவர் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் மேல் தனி உரிமை. அவர் ஆராய்ந்ததும் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதைத்தான்: ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது என்ன ஆகிறது.

பள்ளியில் சாம்பிராணிதான் இன்றைய கருவி. ஜன்னல்களைச் சாத்தி, டார்ச் முகத்தில் கறுப்புத் தாள் ஒட்டி ஒரு கீறல் போட்டேன். எதிர்ச் சுவரில் வெளிச்சக் கீற்று. இப்போது வெளிச்சம் எங்கெங்கே இருக்கிறது? "டார்ச்சில் இருக்கிறது, சுவரில் இருக்கிறது." நடுவில்? "நடுவில் இல்லை." சாம்பிராணிப் புகையை விட்டதும் டார்ச்சுக்கும் சுவருக்கும் இடையே கத்தி போல ஒரு கோடு நின்றது. வகுப்பே ஓ என்றது.

உடனே ஒருவன், "புகைதான் வெளிச்சத்தை உண்டாக்குகிறது" என்றான். புகை அறை முழுவதும் இருக்கிறதே, மற்ற இடத்தில் ஏன் ஒளிரவில்லை என்று இன்னொருவனே மடக்கினான். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் பெரியவர்களும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. மூக்குக்கு நேரே குறுக்காகப் போகும் ஒளி நமக்குத் தெரியாது. அதை ஏதாவது ஒன்று நம் கண் பக்கம் திருப்பிவிட்டால்தான் தெரியும். இரவு வானத்தை நினைத்துப் பாருங்கள். பூமியின் நிழல் விழும் சிறு பகுதி போக, நிலாவைச் சுற்றிலும் சூரிய ஒளி நிறைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கோ கறுப்பு. திருப்பிவிட அங்கே தூசி இல்லை, புகை இல்லை. நிலா ஒன்றுதான் திருப்பிவிடுகிறது.

மார்ச் 4

எனக்கு நீண்ட நாளாக ஒரு குறை உண்டு. பிள்ளைகளின் அம்புக்கு நம் மொழியே காரணம் என்று நினைக்கிறேன். பார்வையை வீசுகிறோம், கண்ணை ஓட்டுகிறோம், நோட்டம் விடுகிறோம். கண்ணுக்கு எட்டிய தூரம் என்கிறோம். குழந்தைக்குக் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறோம். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கண்ணிலிருந்து கிளம்பிப் போகிறது. காலை முதல் இரவு வரை இதைக் கேட்டு வளரும் பிள்ளை வேறு எப்படி அம்பு போடும்?

மார்ச் 6

மேலே எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

கும்பகோணத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அம்மா, 'கண் பட்டது' என்பதைச் சொன்னீர்கள். 'கண்ணில் பட்டது' என்பதை மறந்துவிட்டீர்கள்."

இதைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு ரூபாய் கண்ணில் பட்டது. ஊர் எல்லையில் கோபுரம் கண்ணில் பட்டது. இங்கே கண் எங்கும் போகவில்லை. பொருள்தான் வந்து கண்ணில் படுகிறது. ஓர் 'இல்' உருபு அம்பை அப்படியே திருப்பிவிடுகிறது. அதோடு 'எனக்குத் தெரிகிறது' என்பதையும் பாருங்கள். பார்க்கிறேன் என்றால் நான் செய்கிறேன். தெரிகிறது என்றால் அதுவாக எனக்கு வருகிறது. இரண்டு வழியும் நம் பேச்சில் இருக்கின்றன. நான் ஒரு வழியை மட்டும் பார்த்துவிட்டுத் தமிழின் மேல் பழி போட்டேன். ஐயாவுக்கு நன்றி.

இன்று வகுப்பில் இரண்டு வாக்கியங்களையும் பலகையில் எழுதி, 'அம்பு போடுங்கள்' என்றேன். 'கண் பட்டது' என்பதற்கு வெளியே போகும் அம்பு. 'கண்ணில் பட்டது' என்பதற்கு உள்ளே வரும் அம்பு. ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. இவ்வளவு ஆண்டுகள் தமிழ்ப் பாடவேளையில் இருந்த ஒன்றை அறிவியல் பாடவேளைக்கு எடுத்துவர எனக்குத் தோன்றவில்லையே என்பது வருத்தம்தான்.

குடவாசல் சகோதரிக்கு: 'நான்தானே பார்க்கிறேன்' என்ற உங்கள் மகளின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தலையைத் திருப்புவது, கண்ணைத் திறப்பது, கவனிப்பது எல்லாம் அவள் செய்வதுதான். அந்த அம்பு கவனத்தின் அம்பு, அதை வேறு நிறத்தில் விட்டுவையுங்கள். ஒளியின் அம்பு இன்னொரு நிறத்தில் சூரியனிலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து கண்ணுக்கு வரட்டும். மரம் அவளைப் பார்க்கவில்லை. மரத்தில் பட்ட வெளிச்சம் அவளிடம் வருகிறது.

திருஷ்டி கழிப்பதை நான் எதிர்க்கிறேனா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் பேரப்பிள்ளைக்கு என் அம்மா சுற்றிப் போட்டால் நான் தடுப்பதில்லை. அது அன்பு. பாடம் நடத்தும்போது மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

மார்ச் 19

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "பூனைக் கண் இருட்டில் எரிகிறதே?" மாட்டுக் கண்ணும் எரியும். இரவில் பஸ் விளக்கு பட்டால் சாலையோரம் படுத்திருக்கும் மாடுகளின் கண்கள் பச்சையாக மின்னுவதைப் பார்க்காதவர் யார்? அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த ஒளியை அது வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. மங்கிய ஒளியை இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. நமக்கு அந்தப் படலம் இல்லை. அந்த நெல் அறையின் இருட்டில் பூனையை விட்டால் அதன் கண்ணும் எரியாது, எலியும் தப்பிவிடும்.

டார்ச்சை நெற்றிக்கு நேரே பிடித்து வரப்பில் புல்லைப் பாருங்கள், சிலந்திக் கண்கள் பொட்டுப் பொட்டாக மின்னும். டார்ச்சைத் தள்ளிப் பிடித்தால் மின்னாது. அது சொந்த ஒளி அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. மின்மினி வேறு. அதன் ஒளி அதற்கே சொந்தம்.

ஏப்ரல் 2

"கண்ணாடி ஒளியைத் திருப்பும், சுவர் எப்படித் திருப்பும்?" என்று நாச்சியார்கோயில் வாசகர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான்.

இரவில் விளக்கை அணைத்து, மேசை மேல் ஒரு கைக்கண்ணாடியையும் பக்கத்தில் வெள்ளைத் தாளையும் வையுங்கள். மேலே சாய்வாக நின்று டார்ச் அடியுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கேளுங்கள், எது வெளிச்சமாக இருக்கிறது? பார்ப்பதற்கு முன் எல்லோரும் கண்ணாடி என்பார்கள். பார்த்தால் தாள் பளிச்சென்று இருக்கும், கண்ணாடி கறுத்துக் கிடக்கும். கண்ணாடி வந்த ஒளியை ஒரே திசையில் அனுப்பிவிட்டது. அது கூரையில் ஒரு வட்டமாக இருக்கிறது, உங்கள் கண்ணுக்கு வரவில்லை. தாள் எல்லாப் பக்கமும் வாரி இறைக்கிறது. தாளும் சுவரும் வாழையிலையும் முகமும் இப்படி இறைப்பதால்தான் ஒரே பொருளை வகுப்பில் நாற்பது பேரும் நாற்பது இடத்திலிருந்து பார்க்க முடிகிறது.

சிவப்பு அட்டை போட்ட நோட்டை வெயிலில் விரித்து, வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவனை அருகில் நிறுத்துங்கள். சட்டை சிவக்கும். பகலில் கோயில் குளத்துப் படித்துறை மண்டபத்தில் உட்கார்ந்தால் விதானத்தில் வெளிச்சம் நெளிந்துகொண்டே இருக்குமே, அது நீர் அனுப்பியது.

நிலாவும் சுவர் வகைதான். தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 12 விழுக்காட்டைத்தான் திருப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறம் கிட்டத்தட்ட அதுதான். சுற்றிலும் கறுப்பு வானம் இருப்பதால் பால் நிலா என்கிறோம். இதைச் சொன்ன அன்று ஒரு பெண் எனக்காக வருத்தப்பட்டு, "போகட்டும் டீச்சர், பார்க்க வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் சொன்னாள்.

ஏப்ரல் 18

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதி, அதற்கு அறிவியல் காரணம் கேட்டிருக்கிறார்கள். காரணம் தேட வேண்டியதில்லை, நிழல் விழுகிறது. காலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள், பிராகாரத்தில் நீளமாகப் படுத்திருக்கும். ஏறக்குறைய 66 மீட்டர் உயரக் கற்கட்டடத்தின் மேல் வெயில் அடித்தால் வேறு எங்கே போகும்? விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால், சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே வரும் நாட்களில் உச்சி வேளை நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வளவுதான். 1010-இல் ராஜராஜன் எழுப்பி முடித்த அந்தக் கோயிலுக்கு இல்லாத அதிசயத்தை ஏற்றுவானேன்? அங்கே இருக்கும் அதிசயமே போதும்.

இன்று விடுமுறை. வீட்டெதிரே களத்தில் பிள்ளைகளைச் சேர்த்தேன். நம் அட்சரேகைக்கு ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்டு 25 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்தோம். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. 12 மணி 12 நிமிட வாக்கில் அதுவும் செம்புக்கு அடியில் போய்விட்டது. "நிழல் எங்கே போனது?" என்று சின்னவன் தேடினான். எங்கும் போகவில்லையடா, நிழல் ஒரு பொருள் அல்ல. வெளிச்சம் வந்து சேராத இடம் அது. இப்போது எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்தது, இங்கே பிறையாக. புங்க மரத்தடியில் இலைச் சந்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிறை தரையில் விழுந்தது. மற்ற நாட்களில் விழும் வட்டங்களும் சூரியனின் உருவங்கள்தான் என்பது அன்றைக்குத்தான் என் பிள்ளைகளுக்கு உறைத்தது.

ஜூன் 14

மேட்டூர் 12-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. வகுப்பில் கேட்டேன்: நம் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் இல்லை. அப்படியானால் அணை திறக்கவில்லையா? "திறந்தாயிற்று டீச்சர், வந்துகொண்டிருக்கிறது." கல்லணைக்கு வரவே சில நாள், பிறகு வெண்ணாறு, மூணாறு தலைப்பு, கடைமடைக்கு இன்னும் எத்தனையோ நாள். திறந்த நேரம் வேறு, வந்து சேரும் நேரம் வேறு. டெல்டாப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சூரியனும் அப்படித்தான் என்றேன். 15 கோடி கிலோமீட்டர். ஒளி ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்தார்கள். 500 விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி. நாம் பார்ப்பது எட்டு நிமிடத்துக்கு முந்தைய சூரியன். "சூரியனை மூடிவிட்டாலும் எட்டு நிமிடம் நமக்குத் தெரியாது" என்று ஒருவன் சொன்னபோது வகுப்பு அடங்கிப்போனது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட நல்ல உவமை இது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 17

அந்த உவமையின் விளிம்பு மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. பின்வரிசைப் பெண் கேட்டாள்: "மதகை மூடினாலும் வயலில் தண்ணீர் நிற்கிறதே. ஜன்னலைச் சாத்தினால் உள்ளே வந்த வெளிச்சம் ஏன் நிற்பதில்லை?"

தண்ணீர் என்று நான் சொன்னதால் வந்த கேள்வி, நானே பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் நிற்கும், ஒளி நிற்காது. சாத்திய அறைக்குள் இருக்கும் ஒளி சுவருக்குச் சுவர் மோதி ஓடிக்கொண்டே இருக்கிறது. வெள்ளையடித்த சுவரும் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சத்தைக் குடித்துவிடுகிறது. சிறிய அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போக ஒரு விநாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். நூறு முறை மோதினாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகிறது, அதற்குள் மிச்சம் எதுவும் இல்லை. "குடித்தது எங்கே போனது?" சுவர் அந்த அளவுக்குச் சூடாகிறது. மே மாதத்து இரவில் மேற்குச் சுவரில் கை வைத்துப் பார் என்றேன்.

உவமையைக் கைவிடவில்லை. ஆனால் இனி சொல்லும்போது, இது எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஜூன் 24

ஆற்றில் நீர் வந்துவிட்டது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். நீரிலிருந்து வெளியேறும் ஒளி வளைவதால், மேலிருந்து பார்த்தால் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும். நான்கு அடி மூன்றடி போலத் தோன்றும், சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாக. தரை தெரிகிறதே என்று பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஒரு கம்பை நட்டு, அது முறிந்ததுபோலத் தெரிவதைக் காட்டி, கண் சொல்லும் ஆழத்தை நம்பாதே என்று சொல்லிக்கொடுங்கள்.

ஜூலை 13

தொடக்கத்திலிருந்து நான் எழுதிவரும் 'ஒளி கண்ணுக்குள் வந்தால் தெரியும்' என்ற வாக்கியம் போதாது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி உணர்த்தினாள். அவள் ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "ஆயா வாசலில் உட்கார்ந்து, வெயில் அடிக்கிறது என்று சொல்கிறது. எதிரே நான் நின்றால் யார் என்று கேட்கிறது. வெளிச்சம் உள்ளே போகிறதுதானே டீச்சர்? பிறகு ஏன் நான் தெரியவில்லை?"

பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. பூதக்கண்ணாடியோடு போனேன். இருண்ட வகுப்பறையில் திறந்த ஜன்னலுக்கு எதிரே வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்தோம். தாள் முழுவதும் வெளிச்சம், ஜன்னலின் உருவம் இல்லை. ஜன்னலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி தாளின் எல்லா இடத்திலும் விழுந்து கலந்துகிடக்கிறது. நடுவில் பூதக்கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஓரிடத்தில் ஜன்னல் கம்பிகள் வந்தன. கம்பிக்கு அப்பால் தென்னை மரம் தலைகீழாக, விரல் உயரத்தில், ஓலை அசைவதுகூடத் தெரிந்தது. பிறகு பூதக்கண்ணாடியின் மேல் மெல்லிய பாலிதீன் உறையை மூடினேன். தாளில் வெளிச்சம் இருந்தது. மரம் போய்விட்டது.

"ஆயாவின் கண்ணில் இந்த உறை இருக்கிறது" என்றாள். ஆம். வெளிச்சம் வருவது மட்டும் போதாது, ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அதனதன் இடத்தில் போய் உட்கார வேண்டும். கண்ணின் லென்ஸ் செய்வது அதைத்தான். பசராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மல்லாடியதும் இதனோடுதான். பளீரென்ற ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, அப்படியானால் ஒளிதான் உள்ளே வருகிறது என்றார். வந்த ஒளி எப்படிக் குழம்பாமல் உருவமாகிறது என்பதற்கு அவர் சொன்ன விடை முழுமையாகவில்லை. விழித்திரையில் உருவம் விழுகிறது என்ற விளக்கம் 1604-இல் வானியலாளர் கெப்ளரிடமிருந்து வந்தது. இடையில் ஆறு நூற்றாண்டு. ஒரு பாடவேளையில் பிள்ளைக்குப் புரியவில்லையே என்று யாரும் கோபப்பட வேண்டாம்.

செப்டம்பர் 2

ஆயாவுக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டும் பிரித்தாயிற்று. பலர் விசாரித்ததால் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தவுடன் அடுப்படிச் சுவரைப் பார்த்து, "இவ்வளவு கரி எப்போது ஏறியது?" என்று கேட்டாராம். பிறகு கொடியில் கிடந்த தம் வெள்ளைப் புடவையைப் பார்த்துவிட்டு மருமகளைப் பிடித்துக்கொண்டார்: யார் இதற்கு இவ்வளவு நீலம் போட்டது?

மருமகள் நீலமே போடவில்லை என்று சத்தியம் செய்ய, பேத்தி நடுவில் புகுந்து, "ஆயா, ஒரு கண்ணை மூடு, இப்போது பார்" என்றாளாம். புரைக் கண்ணால் பார்த்தால் புடவை பழுப்பு. புதுக் கண்ணால் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளை. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம் கிழவி, சோறு ஆறும் வரை.

பழைய லென்ஸ் மஞ்சளாகிப் போய் நீல ஒளியை வழியிலேயே நிறுத்திக்கொண்டிருந்தது என்று அவளுக்கு விளக்கினேன். மஞ்சள் கண்ணாடித் தாள் வைத்து அதையும் செய்து காட்ட வேண்டும். கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.